ஒரு காதுக்கு மட்டும் எட்டிய சிக்னல்

கடம்பம் டெலிகாம் கம்பெனி தன்னுடைய நியாயத்தை மதுரை கே.கே. நகரில் இரண்டாவது மாடியில் வைத்திருந்தது. லிஃப்ட் ஓடவில்லை. படியேறி வருகிறவர்களுக்கு மூச்சு வாங்குவதிலேயே பாதிக் கோபம் இறங்கிவிடுகிறது என்பதைக் கண்டுபிடித்த பிறகு அதை யாரும் பழுதுபார்க்கவும் இல்லை. கண்ணாடிக் கதவில் 'நியாயப் பகிர்வுப் பிரிவு' என்று பொன்னெழுத்தில் எழுதியிருந்தது. உள்ளே ஏசி எல்லோரையும் சமமாக நடுங்கவைத்துக்கொண்டிருந்தது.

அன்னக்கொடி அந்தப் படிகளை ஏறி வந்தது மூன்று வயது மகள் பவதாரிணியின் காதுக்காக.

மதுரைக்கு மேற்கே, கரடு என்கிற பாறைக் குன்றின் அடியில் வெள்ளக்கரட்டுப்பட்டி அவள் ஊர். வருகிற வெள்ளிக்கிழமை கருப்பு கோயிலில் பிள்ளைக்கு மொட்டையெடுத்துக் காதுகுத்து. அந்த ஊரில் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு காதுக்கும் மாமன் தன் வாயால் 'குத்துங்க' என்று சொன்ன பிறகுதான் ஆசாரி கம்பியை எடுப்பார். கலெக்டரே வந்து சொன்னாலும் அதற்கு முன்னால் எடுக்க மாட்டார். அன்னக்கொடிக்கு ஒரே தம்பி, காசிமாயன். வளைகுடாவில் கப்பல் பட்டறையில் வெல்டர். லீவு கேட்டுப் பார்த்தான், கிடைக்கவில்லை. கடைசியில் குடும்பம் கூடிப் பேசி ஒரு வழி கண்டது. காசிமாயனின் வேட்டியை மணையில் விரித்து, அதில் பிள்ளையை உட்காரவைத்து, எதிரே செல்போனை நிறுத்தி, வீடியோ காலில் அவன் 'குத்துங்க' என்று சொல்லிவிட்டால் அதை மடி என்றே எடுத்துக்கொள்ளலாம் என்று பூசாரி சம்மதித்தார். முகம் தெரிய வேண்டும், குரல் கேட்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

அதற்குச் சிக்னல் வேண்டும், அந்த ஊரில் அதுதான் கிடைக்காத பொருள். கடம்பத்தைத் தவிர வேறு எந்தக் கம்பெனியும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. கடம்பத்தின் ஒரே கோபுரமும் அன்னக்கொடியின் சித்தப்பா மகன் நல்லகாமனின் தென்னந்தோப்பில் நின்றது. நல்லகாமன் கோபுரத்தடியில் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டு ஒரே நேரத்தில் இரண்டு செல்லில் கபடி பார்ப்பான். கோயில் இருக்கிற கரட்டடியில் ஒரு 'ஹலோ' போய்ச் சேர்வதற்குள் பேச வந்த விஷயமே மறந்துவிடும்.

"தம்பி வரலைன்னா என்னத்தா, நான் அண்ணன் இல்லையா? என் மடி என்ன ஓட்டையா?" என்று நல்லகாமன் நான்கு பேர் முன்னால் கேட்டுவிட்டான். காசிமாயன் இல்லாத இடங்களை நிரப்புவதுதான் அவனுக்கு வேலை. காசிமாயன் பங்குத் தென்னையில் தேங்காய் இறக்குவது அவன். கோயில் கூட்டத்தில் காசிமாயன் இடத்தில் உட்காருவதும் அவன். இந்த மடியையும் விட்டுக்கொடுத்துவிட்டால், என்றைக்காவது திரும்பி வரும் தம்பிக்கு ஊரில் என்ன மிச்சம் இருக்கும் என்று அன்னக்கொடி நினைத்தாள். அதனால்தான் புருஷன் அருள்பாண்டி "கம்பெனிக்காரனா காது குத்தப்போறான்?" என்று சலித்துக்கொண்டதையும் கேட்காமல் பஸ் ஏறி வந்துவிட்டாள்.

உள்ளே நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். நடுவில் தமிழ்வாணி என்ற ஊழியப்பெண் கையில் ஒரு பூஜை மணியோடு நின்றாள்.

"இங்க எல்லாருக்கும் சம வாய்ப்பு மேடம். மணி அடிச்சா பேசணும், திரும்ப அடிச்சா நிறுத்தணும். மிச்சத்தை அடுத்த சுத்துல பேசிக்கலாம்."

மணி அடித்தது. "எம் மகளுக்கு வார வெள்ளிக்கிழமை காது" என்றாள் அன்னக்கொடி. அதற்குள் மணி அடித்துவிட்டது.

அவளுக்கு அடுத்து, கப்பலூரில் பிளாஸ்டிக் குடம் செய்கிற ஒருவர். "மூணு மாசமா ஒண்ணுமே கேக்கல, நானும் எத்தன" என்றார். மணி.

அதற்கடுத்த நாற்காலி காலி. அதற்கும் மணி அடித்தது. அந்தக் காலி நாற்காலி பேசி முடிக்கும்வரை அறையே மௌனமாகக் காத்திருந்தது.

"ஆளே இல்லையேம்மா" என்றாள் அன்னக்கொடி.

"வந்துட்டா மேடம்? அவரு பங்கை நாம சாப்பிட்டதா ஆயிருமே" என்றாள் தமிழ்வாணி. அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. காலையிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள் போல.

காலி நாற்காலிகள் நிறைய இருந்தன. அவையெல்லாம் குறைவில்லாமல் தங்கள் குறைகளைச் சொல்லி முடித்தன. அடுத்த சுற்று வருவதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. அதற்குள் பேச்சுத் துண்டுகளையெல்லாம் கம்ப்யூட்டர் தானே கோத்து, அன்னக்கொடியின் புகாரைத் தாளில் அடித்துக் கொடுத்தது. 'வாடிக்கையாளரின் மகளுக்கு மூன்று மாதமாகக் காது கேட்கவில்லை. தீர்வு: காது மூக்கு தொண்டை மருத்துவரை அணுகவும். புகார் முடித்து வைக்கப்பட்டது.'

அதைப் படித்துவிட்டு அன்னக்கொடி நேராகத் துணைப் பொது மேலாளர் அறைக்குள் போய்விட்டாள். தமிழ்வாணி தடுப்பதுபோல் எழுந்தாள், ஆனால் தடுக்கவில்லை.

சீதாராமன் நல்ல உயரம், நல்ல குரல். அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு வெறும் ஆணி அடித்திருந்தது. அகில இந்தியச் சமநிலை விருது வரும் என்று மூன்று வருடத்துக்கு முன்பே அடித்து வைத்த ஆணி. விருதுதான் இன்னும் வந்தபாடில்லை.

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து நின்று, ஒரே ஒருத்திக்கு மேடைப் பேச்சே பேசினார்.

"அம்மா, அலைவரிசைங்கிறது ஒரு கல்யாணப் பந்தி. பரிமாறுறவர் ஒருத்தர்தான். கோபுரத்துக்குக் கிட்ட இருக்கிற செல்போன் மளமளன்னு சாப்பிடும். உங்க செல்போன் கரட்டடியில கிடக்கு, மென்னு முழுங்கவே நேரமாகும். மெதுவா சாப்பிடுறவர் இலை முன்னாடியே பரிமாறுறவர் நின்னுக்கிட்டிருந்தா மொத்தப் பந்திக்கும் நஷ்டமா இல்லையா? மொத்தமா எத்தனை வாளி சோறு இறங்குச்சுங்கிறதுதான் எங்க சாதனை. யார் வயித்துல இறங்குச்சுங்கிறதெல்லாம் அவங்கவங்க யோகம்."

"எங்க ஊருல கடைசி எலைக்குச் சோறு வரலைன்னா வாளியைப் பிடுங்கிருவாங்க சார்."

"அதனாலதான் உங்க ஊர்ல யாரும் மேலாண்மை படிக்கிறதில்ல" என்றார் சீதாராமன் வருத்தத்தோடு. "ஒரு உண்மையைச் சொல்றேன். உங்க ஊரை எடுத்துட்டா எங்க சராசரி வேகம் ஜம்முன்னு ஏறிடும். போன வருஷம் கமிட்டியே எடுக்கச் சொல்லுச்சு. நான்தான் மனசு கேக்காம தடுத்தேன். ஊரை எடுக்கக் கூடாது, கணக்குல இருந்து மட்டும் எடுங்கன்னேன்."

இதற்கு நன்றி சொல்ல வேண்டுமோ என்று அன்னக்கொடிக்கு ஒரு கணம் குழம்பியது.

சீதாராமன் அவளைப் பக்கத்து அறையிலிருந்த ஸ்ரீகுமாரிடம் அனுப்பினார். யாருக்கு எப்போது எவ்வளவு சிக்னல் என்று தீர்மானிக்கிற 'நியாயத் தராசு' என்ற புரோகிராமை எழுதிய இன்ஜினீயர் அவன். மூன்று திரைகளுக்கு நடுவே உட்கார்ந்து, மனிதர்களை நிமிர்ந்து பார்க்காமலே பேசினான்.

"உங்க நம்பர் சித்திரை மாசம் ஒரு நாள் ஏகப்பட்டது வாங்கியிருக்கே மேடம்."

அது காசிமாயன் தன் அறையையும், கட்டிலையும், ஜன்னலுக்கு வெளியே தெரியும் கடலையும் வீடியோ எடுத்து அனுப்பிய நாள். நல்லகாமன் தோப்புக்குப் போய்க் கோபுரத்தடியில் நின்று அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பார்த்து அழுதாள் என்பதை மட்டும் தராசு குறித்துவைக்கவில்லை.

"அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணுமே வரலையே சார்."

"எப்படி வரும்? ஏற்கெனவே வாங்குனவங்கள்ல இருக்கீங்க. தராசு என்ன பார்க்கும்னா, யார் ரொம்ப நாளா வாங்காம கிடக்காங்களோ அவங்களைத்தான் முதல்ல கூப்பிடும். வெள்ளிக்கிழமை வேணும்னா அதுவரைக்கும் ஒரு பொட்டுக்கூட வாங்காதீங்க. செல்லைப் பட்டினி போடுங்க."

"விரதமா?"

ஸ்ரீகுமார் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். "அப்படியும் வச்சுக்கலாம்" என்றான்.

இந்தக் கம்பெனியில் அன்னக்கொடிக்குப் புரிந்த ஒரே வார்த்தை அதுதான். கருப்பு கோயில் பொங்கலுக்குக் காப்புக் கட்டிக்கொண்டு விரதம் இருக்கிற குடும்பம் அவளுடையது. வீட்டுக்கு வந்ததும் செல்லை அணைத்து அமத்தி, மஞ்சள் துண்டை நூலில் கோத்து அதற்குக் காப்புக் கட்டி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். அருள்பாண்டி பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"செல்லு கவிச்சி திங்காதுல்ல?"

"சிரிக்காதீங்க. இன்ஜினீயரே சொன்னாரு."

அருள்பாண்டி சிரிப்போடு நிறுத்தியிருக்கலாம். டீக்கடையிலும் போய்ச் சொன்னான். விரதம் இருந்த செல்லுக்குத்தான் முதல் பங்கு என்ற செய்தி அன்று சாயங்காலமே ஊரைச் சுற்றி வந்துவிட்டது. கோயில் விசேஷத்தை வெளியூர்ச் சொந்தங்களுக்கு லைவாகக் காட்ட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் இருந்தது. இவளுக்கு மட்டும் முதல் பங்கா என்ற நினைப்பும் கொஞ்சம் இருந்தது. நல்லகாமன் தன் இரண்டு செல்லுக்கும் தடிமனாக இரண்டு காப்பு கட்டினான். வெள்ளக்கரட்டுப்பட்டி முழுக்கச் செல்போன்கள் மஞ்சளோடு சாமி முன்னால் அமர்ந்துவிட்டன. டீக்கடையில் மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச வேண்டிவந்ததில், ஆறிப்போயிருந்த இரண்டு வரப்புச் சண்டைகள் மறுபடி சூடுபிடித்தன.

எல்லோரும் பட்டினி கிடந்தால் தராசு யாரைத்தான் முதலில் கூப்பிடும் என்று அன்னக்கொடிக்குக் கவலை வந்தது. ஸ்ரீகுமாரிடம் கேட்கலாம்தான். கேட்க வேண்டுமானால் விரதத்தை முறிக்க வேண்டும்.

கே.கே. நகரில் அதே நேரம் தீபாவளி நடந்துகொண்டிருந்தது. சீதாராமன் திரைமுன் நின்று கண் கலங்கினார். வெள்ளக்கரட்டுப்பட்டியில் எந்த மனிதனும் அடுத்தவனைவிடத் துளியும் அதிகமாக வாங்கவில்லை. மேடு இல்லை, பள்ளம் இல்லை, கோடு தரையோடு தரையாகப் போனது. புகாரும் ஒன்றுகூட வரவில்லை, புகார் சொல்லச் செல்போன் வேண்டுமே. "இந்தத் தேசத்துல இப்படி ஒரு சமத்துவக் கிராமம் இருக்குன்னு டில்லிக்குத் தெரியணும்" என்றார். விருதுக் குழுவுக்கு உடனே அழைப்புப் போனது. அவர்களுக்குத் தோதான நாள், வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை காலையில் நல்லகாமன் தோப்பில் கம்பெனி ஒரு பந்தலைப் போட்டது. கரட்டடியில் அருள்பாண்டி ஒரு பந்தலைப் போட்டிருந்தான். பவதாரிணிக்கு மொட்டையெடுத்து, சந்தனம் பூசி, காசிமாயனின் வேட்டியில் உட்காரவைத்தார்கள். அன்னக்கொடி சாமியைக் கும்பிட்டுச் செல்லின் காப்பை அவிழ்த்தாள். நல்ல நேரம் பார்த்துத்தான் அவிழ்த்தாள். பந்தலில் இருந்த அத்தனை பேரும் அதே நல்ல நேரத்தில் அவரவர் காப்பை அவிழ்த்தார்கள்.

வீடியோ காலில் வந்து "அக்கா" என்றான் காசிமாயன். அதோடு சரி. ஒரு கண் மூடி, வாய் திறந்தபடி அவன் முகம் உறைந்து நின்றது. சுற்றிலும் தலைக்கு மேல் உயர்ந்த செல்போன்களிலெல்லாம் ஒரே மாதிரி வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. எல்லாம் ஒரே அளவு பட்டினி கிடந்தவை, தராசு எல்லாவற்றையும் ஒன்றாகக் கூப்பிட்டுவிட்டது.

ஆசாரி கம்பியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். பூசாரி வானத்தைப் பார்த்தார். நல்லகாமன் பட்டுத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தான்.

"நேரம் போகுதுத்தா. வேட்டியை எடு, நான் உக்காருறேன்."

அன்னக்கொடி பூசாரி கையிலிருந்த மைக்கை வாங்கினாள். வாழ்க்கையில் அவள் மைக் பிடித்ததில்லை.

"எல்லாருக்கும் சொல்லுறேன். கம்மாயில முறைத்தண்ணி விடுறப்ப, ஒருத்தர் வயக்காடு பாயுற வரைக்கும் மத்தவுக மடையை அடைச்சு வைக்கிறோம்ல. இப்ப எம்புள்ள முறை. எந்தம்பி ஒத்த வார்த்தை சொல்லுற வரைக்கும் எல்லாரும் செல்லை அமத்துங்க. காலுல விழுந்து கேக்குறேன்."

யாரும் காலில் விழ விடவில்லை. முறைத்தண்ணி என்றதும் அந்தக் கூட்டத்துக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ஒவ்வொரு செல்லாக அமந்தது. கடைசியில் எல்லோர் பார்வையும் நல்லகாமன் மேல் விழுந்தது. அவன் இரண்டு செல்லையும் அமத்தினான், ஒன்றை மட்டும் கொஞ்சம் தாமதமாக.

காசிமாயனின் மூடிய கண் திறந்தது. அடுத்த வீட்டு ஜன்னலில் நிற்கிறவனைப்போல் அவ்வளவு தெளிவாக வந்தான். தலையில் ஹெல்மெட், பின்னால் கப்பல். பிள்ளையைப் பார்த்ததும் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தான். "மாமா வந்துட்டேன்டி" என்றான். பிறகு கையைக் கூப்பி, "குத்துங்க" என்றான்.

ஆசாரி வலது காதில் குத்தினார். பிள்ளை வீறிட்டது, பெண்கள் குலவையிட்டார்கள். அன்னக்கொடியின் கண்ணிலிருந்து தாரை தாரையாக வடிந்தது. தோட்டைத் திருகிவிட்டு ஆசாரி இடது பக்கம் நகர்ந்து, மறுபடி செல்லைப் பார்த்தார். காசிமாயன் வாயைத் திறந்தான். திரை இருண்டுவிட்டது.

தோப்பில் என்ன நடந்தது என்பது பிறகு தெரியவந்தது. விருதுக் குழுவுக்குக் காட்டுவதற்காகப் பெரிய திரையில் சமநிலை எண்ணை ஓடவிட்டிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு போனால் அது ஒன்று. ஒருவருக்கே எல்லாம் போனால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில். சீதாராமன் சமத்துவம் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் முதுகுக்குப் பின்னால் எண் தடதடவென்று சரிந்தது. குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"எவரோ ஒருத்தர் மொத்த ஊர்ப் பங்கையும் முழுங்குறாங்க சார்" என்றான் ஸ்ரீகுமார்.

"கோபுரத்தை அமத்து" என்றார் சீதாராமன்.

"அமத்துனா எல்லாருக்கும் பூஜ்யம் ஆயிரும். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால வகுத்தா விடையே கிடையாது சார்."

"விடை இல்லைன்னா தப்புன்னு யாரும் சொல்ல முடியாதுல்ல? ஒண்ணுன்னு போடு."

கோபுரம் அமந்தது, திரையில் ஒன்று எழுந்தது. குழுவினர் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தபோதுதான் அன்னக்கொடி ஒற்றைத் தோட்டோடு அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பின்னால் பாதி ஊரோடு தோப்புக்குள் வந்தாள்.

"ஏன் சார் அமத்துனீங்க?"

சீதாராமன் மைக்கை விடவில்லை. "ஒருத்தரே மொத்தத்தையும் எடுத்துக்கிட்டா அதுக்குப் பேரு அநியாயம்மா."

"நான் எடுக்கல சார். அவுகவுக பங்கை அவுகளே விட்டுக்குடுத்தாக."

"மக்கள் தாங்களா விட்டுக்குடுத்தா அதுக்குப் பேரு பழக்கம். நியாயம்னா கம்பெனி குடுக்கணும்."

"சரி, குடுங்க."

"குடுத்தாச்சே. எல்லாருக்கும் சமமா ஒண்ணுமில்ல." பிறகு அவர் கனிவோடு குனிந்து பிள்ளையின் காதைப் பார்த்தார். "ரெண்டு காதுல ஒண்ணு முடிஞ்சிருச்சு போலிருக்கே. ஐம்பது சதவீதம். எங்க தேசிய சராசரிகூட அவ்வளவு கிடையாதும்மா."

குழுத் தலைவர் அதைக் குறித்துக்கொண்டார்.

நல்லகாமன் பக்கத்தில் வந்து காதோடு சொன்னான். "ஒண்ணுக்கு அவன், ஒண்ணுக்கு நான். இதுவும் சமபங்குதான். வா, நேரம் முடியல."

அன்னக்கொடிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பிள்ளையின் மொட்டைத் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"வேணாண்ணே. இந்தக் காது எந்தம்பிக்கு. அவன் வார வரைக்கும் எம்மக இப்படியே இருக்கட்டும்."

ஒரு காதை மூளியாக விடக் கூடாது என்று சொந்தங்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே கறிச்சோறு சாப்பிட்டார்கள். கடைசி இலைவரைக்கும் அருள்பாண்டி வாளியைத் தானே தூக்கிக்கொண்டு போய்ப் பரிமாறினான்.

கே.கே. நகரில் ஆணிக்கு விருது வந்து சேர்ந்தது. வெள்ளக்கரட்டுப்பட்டியின் சமநிலையைக் கெடுத்துவிடக் கூடாது என்று கோபுரத்தை அதற்குப் பிறகு அடிக்கடி அமத்தியே வைத்தார்கள். அன்னக்கொடி ஒரு நாள் மதுரைக்கு வந்து, பிள்ளையின் ஒற்றைத் தோட்டுப் படத்தைத் தம்பிக்கு அனுப்பினாள். காசிமாயன் அதைத் தன் ஃபோர்மேனிடம் காட்டினான். அவர் எகிப்துக்காரர், பெண் பிள்ளைகளைப் பெற்றவர். மறு காதுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். "அது என் வேலை, நான் போகலை" என்றான் இவன். லீவுத் தாளில் அங்கேயே கையெழுத்து விழுந்தது.

திருச்சியில் விமானம் இறங்கி, பஸ் பிடித்து வந்தவனை அழைத்துப்போக அன்னக்கொடி பிள்ளையோடு மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் நின்றாள். அங்கே சிக்னலுக்குக் குறைவில்லை. திருச்சி பஸ் உள்ளே திரும்பும்போது அவள் செல் அடித்தது.

"கடம்பம் டெலிகாம் நியாயப் பகிர்வுப் பிரிவுங்க" என்றது தமிழ்வாணியின் கட்டிய குரல். "உங்களுக்கு அடுத்த சுத்து வந்துருக்கு மேடம். 'காது'ங்கிற இடத்துல நிறுத்தியிருந்தீங்க. அதுல இருந்து பேசலாம்." மணி அடித்தது.

காசிமாயன் பஸ்ஸிலிருந்து இறங்கினான். பெட்டியைப் போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்து கையை நீட்டினான். பவதாரிணி அம்மாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, ஓடிப்போய் அந்த மடியில் ஏறிக்கொண்டாள்.

"மாமா, இந்தக் காது ஒனக்காம். நீ சொன்னாத்தான் குத்துவாகளாம்" என்றாள், இடது காதைப் பிடித்துக் காட்டி.

"சொல்லுறேன்டி. அதுக்குத்தான வந்தேன். மொதல்ல மாமா பாத்துக்கிறேன்" என்றான் அவன். அந்தக் காதில் முத்தம் கொடுத்தான்.

அன்னக்கொடி செல்லை அவர்கள் பக்கமாக நீட்டிப் பிடித்தபடி நின்றாள். பிள்ளை சிரிப்பதும், தம்பி மூக்கை உறிஞ்சுவதும், பிள்ளை மறுபடி மறுபடி 'மாமா' என்று கூப்பிடுவதும் அறுபடாமல் இரண்டாவது மாடிக்குப் போய்க்கொண்டிருந்தன.

பேச்சை நிறுத்தச் சொல்லும் அடுத்த மணி அடிக்க வேண்டிய நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. தமிழ்வாணி அதை அடிக்கவே இல்லை.